செய்தி வரிசையில் வலை வழியாகத் தரவை இடுவதும் எடுப்பதும்

மலையகப் பெருந்தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து ஒரே நாளில் பல தடவை நிறுக்கப்படுகிறது. மலையிலிருந்து இறங்கும் கொழுந்து, மடுவம் எனப்படும் நிறுக்கும் கொட்டகையின் தராசில் ஏறுகிறது. ஒவ்வொரு தொழிலாளியின் செக்ரோல் இலக்கத்துக்கு (தோட்டப் பெயர்ப்பதிவேட்டு எண்ணுக்கு) நேரே எடை குறிக்கப்படுகிறது. அன்றைய நாளுக்கு அவருக்கு முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாட்சம்பளமா பாதியா என்பதை அந்த எடைகளின் கூட்டுத்தொகையே தீர்மானிக்கிறது. இனி, அந்தத் தராசு மின்னணுத் தராசாகி, நிறுத்த எடை ஒரு கைபேசிச் செயலியின் வழியாகத் தோட்ட அலுவலகத்துக் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மடுவம் ஒரு சரிவில் இருக்கிறது. அலுவலகம் அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. மழை பிடித்தால் மின்சாரம் போகும், மலை மறைத்தால் சிக்னல் போகும், மாலை ஐந்து மணிக்குமேல் அலுவலகக் கணினியை அணைத்துவிட்டும் போவார்கள். செயலி நேரே அந்தக் கணினியோடு பேச முயன்றால், இரண்டு பக்கமும் ஒரே நொடியில் விழித்திருந்தால் மட்டுமே எடை போய்ச் சேரும். இல்லாவிட்டால் அது எங்கும் போவதில்லை.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக உருவானதே செய்தி வரிசை. அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவே, எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு சேவையகத்தில், தரகர் எனப்படும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அனுப்புகிறவர் தன் செய்தியைத் தரகரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். தரகர் அதை ஒரு வரிசையில் வைத்துக் காக்கிறது. பெறுகிறவர் தனக்கு வசதியான நேரத்தில் வந்து, முதலில் வந்ததை முதலில் என்ற முறையில் எடுத்துக்கொள்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இயங்க வேண்டியதும் இல்லை. ஐ.பி.எம். நிறுவனம் இத்தகைய மென்பொருளை 1993 இல் எம்க்யூசீரிஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அதுவே இன்று ஐ.பி.எம். எம்க்யூ என்று வழங்குகிறது. எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ரேபிட்எம்க்யூ 2007 இல் வந்தது. இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் அமேசான் எஸ்.க்யூ.எஸ். 2006 முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது.

ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிட வேண்டும். தரகர் காப்பது தன் கைக்கு வந்து சேர்ந்த செய்தியை மட்டுமே. மடுவத்தில் சிக்னலே இல்லாத நேரத்தில் செய்தி கைபேசியை விட்டு வெளியேறுவதே இல்லை. அதற்கு வரிசை எந்த உதவியும் செய்ய இயலாது. ஆகவே நிறுத்த எடையைச் செயலி முதலில் கைபேசியிலேயே சேமித்து, தரகர் ஏற்றுக்கொண்டதாக மறுமொழி வந்த பிறகுதான் அதை அழிக்க வேண்டும். செய்தி வரிசை இருக்கிறதே என்று இந்தப் படியை விட்டுவிடும் வடிவமைப்பு மலையகத்தின் மழைக்காலத்தைத் தாங்காது.

வலை வழி எதற்கு?

செய்தித் தரகர்கள் தமக்கென்று தனி நெறிமுறைகளை, அதாவது கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறைகளை, வைத்திருக்கின்றன. ரேபிட்எம்க்யூ முதன்மையாகப் பேசும் ஏ.எம்.க்யூ.பி. என்ற நெறிமுறை, 2003 இல் ஜே.பி. மோர்கன் சேஸ் வங்கியில் தொடங்கிய முயற்சியின் விளைவு. அது வழக்கமாக 5672 என்ற போர்ட்டில், அதாவது சேவையகத்தின் அந்த எண்ணுள்ள வாயிலில், இயங்குகிறது. இவ்வகை நெறிமுறைகள் வேகமானவை, நம்பகமானவை. ஆனால் அவற்றைப் பேசுவதற்குத் தனி நிரல் நூலகம் வேண்டும். இணைப்பைத் தொடர்ந்து திறந்து வைத்திருக்க வேண்டும். இடையில் உள்ள பாதுகாப்புச் சுவர்கள் அந்த போர்ட்டை அனுமதிக்கவும் வேண்டும். ஒரு பாடசாலைக் கணினிக் கூடத்திலிருந்தோ அலுவலக வலையமைப்பிலிருந்தோ முயன்று பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி நிபந்தனை எவ்வளவு பெரிய தடை என்பது தெரியும்.

வலைத்தளங்களைத் திறக்கப் பயன்படும் எச்.டி.டி.பி. நெறிமுறையோ எல்லா இடத்திலும் இருக்கிறது. கைபேசி, உலாவி, விலை குறைந்த நுண்கட்டுப்படுத்தி, பைதன் நிரல், முனையத்தில் இயங்கும் கர்ல் கட்டளை ஆகிய அனைத்தும் அதைப் பேசும். அதன் பாதுகாப்பான வடிவம் செல்லும் 443 ஆம் போர்ட் ஏறக்குறைய எங்கும் திறந்தே இருக்கும். எனவே பெரும்பாலான தரகர்கள் தம் சொந்த நெறிமுறையோடு ஒரு வலை இடைமுகத்தையும் தருகின்றன. க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் மாணவர் ஒருவர், தமக்கு ஏற்கெனவே தெரிந்த பைதனையும் வலைக் கோரிக்கை பற்றிய அடிப்படை அறிவையும் மட்டுமே கொண்டு இதற்குள் நுழைந்துவிடலாம். செய்தி வரிசைக்கு இதைவிட எளிய நுழைவாயிலை நான் அறியேன்.

இவற்றுக்கு அப்பால் எம்.க்யூ.டி.டி. என்றொரு நெறிமுறையும் உண்டு. பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பின் வழியாகக் கண்காணிப்பதற்கென 1999 இல் அது வடிவமைக்கப்பட்டது; நலிந்த இணைப்புகளுக்குப் பொருந்துவது. தராசே கைபேசியின் துணையின்றி நேராகப் பேச வேண்டுமானால் அதைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும். இந்தக் கட்டுரை வலை வழியோடு நின்றுகொள்கிறது.

செய்தியை இடுதல்

வலைக் கோரிக்கை ஒவ்வொன்றிலும் முகவரி, செயல்வினை, தலைப்பு வரிகள், உள்ளடக்கம் என்ற பகுதிகள் உண்டு. போன கோரிக்கைக்கு ஒரு நிலைக்குறி எண்ணுடன் மறுமொழி வரும். செய்தியை வரிசையில் இடுவதற்குப் போஸ்ட் என்ற செயல்வினை பயன்படுகிறது. எந்த வரிசை என்பது முகவரியிலோ உள்ளடக்கத்திலோ இருக்கும். எடை பற்றிய தரவு உள்ளடக்கத்தில் இருக்கும்.

ஐ.பி.எம். எம்க்யூவில் இது மிக நேரடியானது. 2017 இல் அறிமுகமான அதன் செய்தி இடைமுகத்தில், வரிசை மேலாளரின் (வரிசைகளைக் காக்கும் தரகரின்) பெயரையும் வரிசையின் பெயரையும் முகவரியிலேயே எழுதி, எடைத் தரவை உள்ளடக்கமாக வைத்துப் போஸ்ட் செய்தால், செய்தி ஏற்கப்பட்டதற்கு அடையாளமாக 201 என்ற நிலைக்குறி வரும். தரகர் அந்தச் செய்திக்கு இட்ட அடையாள எண்ணும் மறுமொழியின் தலைப்பு வரி ஒன்றில் வரும். இரண்டு நிபந்தனைகளைப் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். வேற்றுத் தளங்கள் நம் உலாவியைக் கொண்டு திருட்டுத்தனமாகக் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் ஒரு தனித் தலைப்பு வரி, அதன் மதிப்பு வெறுமையாக இருந்தாலும்கூட, கோரிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும். அடுத்ததாக, இந்த வழியில் இடப்படும் செய்தி, நாம் வேறுவிதமாகக் கேட்டாலன்றி, நிலைத்து நிற்காத வகையைச் சேர்ந்தது. வரிசை மேலாளர் மறுபடி தொடங்கப்பட்டால் அது அழிந்துபோகும். தொழிலாளியின் எடையைச் சுமக்கும் செய்திக்கு நிலைத்த தன்மையைத் தலைப்பு வரியில் வெளிப்படையாகக் கேட்டுப் பெறுவது கடமை.

ரேபிட்எம்க்யூவில் வலை வழி என்பது மேலாண்மைச் செருகுநிரலின் ஒரு பகுதி. அதை இயக்கிவிட்டால் 15672 என்ற போர்ட்டில் ஒரு வலைப்பக்கம் திறக்கும். அங்கே வரிசைகளின் பட்டியலைக் காணலாம். ஒரு வரிசையின் பெயரைச் சொடுக்கினால் செய்தி இடுவதற்கு ஒரு படிவமும் எடுப்பதற்கு ஒரு படிவமும் இருக்கும். அந்தப் படிவங்கள் செய்யும் வேலையை நம் நிரலும் வலைக் கோரிக்கை மூலம் செய்யலாம். இங்கே செய்தி நேரே வரிசைக்குப் போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது முதலில் பரிமாற்றி எனப்படும் பகுதிக்குப் போகிறது. பரிமாற்றி அதை உரிய வரிசைக்குத் திருப்பிவிடுகிறது. எல்லா ரேபிட்எம்க்யூ நிறுவலிலும் முன்கூட்டியே உள்ள இயல்புப் பரிமாற்றியைப் பயன்படுத்தி, வழிச்சாவி என்ற இடத்தில் வரிசையின் பெயரையே எழுதினால் போதும். செய்தி அந்த வரிசையை அடையும்.

வழிச்சாவியில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். கோரிக்கை வடிவத்தில் குறையில்லை என்பதால் 200 என்ற நிலைக்குறியே வரும். அதைப் பார்த்து எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மறுமொழியின் உள்ளே, செய்தி எந்த வரிசைக்கேனும் திருப்பிவிடப்பட்டதா என்பதை ஆம் அல்லது இல்லை என்று கூறும் ஒரு புலம் இருக்கிறது. அது இல்லை என்றிருந்தால் செய்தி எங்கும் வைக்கப்படவில்லை, கைவிடப்பட்டது என்று பொருள். ஆகவே நிலைக்குறியை மட்டும் பார்க்கும் நிரல் முழுமையானது அன்று. அந்தப் புலத்தையும் படித்த பிறகே கைபேசியில் உள்ள பிரதியை அழிக்க வேண்டும். முகவரியில் வரும் இயல்பு மெய்நிகர் ஓம்புநரின் (தரகருக்குள் வரிசைகளைப் பிரித்து வைக்கும் தனிப் பகுதியின்) பெயர் வெறும் சாய்கோடு என்பதால், அதை %2F என்ற குறியீடாக மாற்றி எழுத வேண்டும் என்பதும், அதை மறந்து நெடுநேரம் திண்டாடும் பலருக்கு உதவக்கூடிய தகவல்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். செய்தியின் நீளத்தைத் தரகர்கள் எழுத்தில் அளப்பதில்லை, பைட்டில் அளக்கின்றன. யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளைப் பிடிக்கிறது. கொழுந்து என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினியில் அது 8 குறிகள், 24 பைட்டுகள். நிரலில் எழுத்தை எண்ணி நீளத் தலைப்பு வரியை நாமாகவே நிரப்பினால் செய்தி நடுவில் வெட்டுப்படும். நீளத்தை நிரல் நூலகமே கணக்கிட விடுவதும், உள்ளடக்கம் யூ.டி.எஃப்-8 என்பதைத் தலைப்பு வரியில் குறிப்பதும் போதுமானவை. தராசின் படம் போன்ற எழுத்தல்லாத தரவை அனுப்ப வேண்டுமானால், ரேபிட்எம்க்யூவில் அதைப் பேஸ்64 என்ற, எழுத்துகளால் மட்டும் ஆன வடிவத்துக்கு மாற்றி அனுப்பலாம். அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். ஐ.பி.எம். எம்க்யூவின் வலை வழியோ எழுத்துச் செய்திகளுக்கு மட்டும் உரியது.

இனி இடுவதில் உள்ள மெய்யான இக்கட்டுக்கு வருவோம். செயலி எடையைப் போஸ்ட் செய்கிறது. தரகர் அதை வரிசையில் வைத்துவிட்டு மறுமொழி அனுப்புகிறது. மறுமொழி வரும் வழியில் சிக்னல் அறுந்துபோகிறது. செயலிக்கு இப்போது எதுவும் தெரியாது. செய்தி போகவில்லையா, போய்ச் சேர்ந்தபின் மறுமொழிதான் தொலைந்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை. மறுபடி அனுப்பாவிட்டால் ஒருவருடைய எடை தொலையலாம். அனுப்பினால் ஒரே எடை இரண்டு தடவை பதிவாகலாம். இரண்டில் தொலைவது திருத்த முடியாதது, இரட்டிப்பு திருத்தக்கூடியது. எனவே மறுபடி அனுப்புவதே சரி. ஆனால் அதற்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும்: எடை நிறுக்கப்பட்ட நொடியிலேயே, வேறு எந்தப் பதிவுக்கும் வராத ஓர் அடையாள எண்ணைச் செயலி உருவாக்கி, செய்தியின் உள்ளேயே எழுதிவிட வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அந்த எண் மாறக்கூடாது. தரகர் இடும் அடையாள எண் இதற்கு உதவாது. ஏனெனில் அதே எடையை இரண்டாம் முறை அனுப்பும்போது தரகர் அதைப் புதிய செய்தியாகக் கருதி வேறோர் எண்ணை இட்டுவிடும்.

ஆக, நம் செய்தியின் உள்ளே அடையாள எண், தோட்டப் பிரிவு, செக்ரோல் இலக்கம், எடை, நிறுத்த நேரம் ஆகியவை ஜேசன் வடிவில், அதாவது பெயரும் மதிப்புமாக எழுதும் எழுத்து வடிவில், இருந்தால் நன்று. நேரத்தைச் செய்தியிலேயே எழுதுவது இன்றியமையாதது. சிக்னல் இல்லாமல் காலை எடை பிற்பகலில் வந்து சேரும்போது, வந்து சேர்ந்த நேரத்தை நிறுத்த நேரமாகக் கொள்ள முடியாது. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் முந்தியது என்பதையும் சேர்த்தே எழுதினால், சேவையகம் எந்த நாட்டில் இருந்தாலும் குழப்பம் வராது.

செய்தியை எடுத்தல்

இடுவதைவிட எடுப்பதே கடினமானது. எடுத்தல் என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அதற்குள் மூன்று செயல்கள் அடங்கியிருக்கின்றன: செய்தியைப் படிப்பது, அதைக் கொண்டு செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடிப்பது, வரிசையிலிருந்து அதை நீக்குவது. இந்த மூன்றும் எந்த ஒழுங்கில் நடக்கின்றன என்பதில்தான் தரவின் பாதுகாப்பு இருக்கிறது. நீக்குவது முன்னதாக நடந்தால், பெறுகிறவர் வேலையை முடிக்குமுன் கணினி அணைந்தால் செய்தி அழிந்தே போகும். நீக்குவது கடைசியில் நடந்தால், வேலை முடிந்து நீக்குவதற்குள் கணினி அணைந்தால் அதே செய்தி மறுபடி வரும். முன்னதில் ஒரு செய்தி அதிகபட்சம் ஒரு முறை வருகிறது. பின்னதில் குறைந்தபட்சம் ஒரு முறை வருகிறது. சரியாக ஒரே ஒரு முறை வரும் என்ற உறுதியை, இடையில் அறுந்துபோகக்கூடிய ஓர் இணைப்பின் மேல் தரகர் மட்டும் தனியே தந்துவிட முடியாது.

இந்தக் கண்ணோட்டத்தோடு மூன்று தரகர்களின் வலை வழிகளையும் பார்த்தால் அவற்றின் வேறுபாடு துலங்கும்.

ஐ.பி.எம். எம்க்யூவில் கெட் என்ற செயல்வினை அடுத்த செய்தியை எடுக்காமல் படித்துக் காட்டுகிறது. டிலீட் என்ற செயல்வினை அதை வரிசையிலிருந்து நீக்கி, நீக்கிய செய்தியையே மறுமொழியின் உள்ளடக்கமாகத் தருகிறது. வரிசை வெறுமையாக இருந்தால் 204 வரும். படிப்பதும் நீக்குவதும் ஒரே கோரிக்கையில் முடிவதால் இது பார்ப்பதற்கு மிக அழகானது. ஆனால் தரகர் செய்தியை நீக்கிய பின், அது மறுமொழியாக மலையேறி வரும் வழியில் இணைப்பு அறுந்தால், அந்தச் செய்தி வரிசையிலும் இல்லை, நம்மிடமும் இல்லை. அதாவது இது அதிகபட்சம் ஒரு முறை என்ற வகை. சற்று நேரத்தில் புதிய மதிப்பு வந்துவிடும் வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம் போன்ற அளவீடுகளுக்கு இது போதும். ஒருவருடைய நாட்சம்பளத்தைத் தீர்மானிக்கும் எடைக்குப் போதாது.

ரேபிட்எம்க்யூவில் எடுப்பதற்கும் போஸ்ட் தான் பயன்படுகிறது. எடுக்கும் செயல் வரிசையின் நிலையை மாற்றுகிறது என்பதே அதற்குக் காரணம். எத்தனை செய்திகள் வேண்டும், படித்த பின் அவற்றை மீண்டும் வரிசையிலேயே வைத்துவிட வேண்டுமா அல்லது நீக்கிவிட வேண்டுமா என்பதைக் கோரிக்கையிலேயே சொல்ல வேண்டும். மீண்டும் வைக்கச் சொன்னால், அடுத்த முறை அதே செய்தி வரும்போது அது முன்பே ஒருமுறை வெளியே போய் வந்தது என்ற குறிப்போடு வரும். நீக்கச் சொன்னால் அந்தக் கணமே நீங்கிவிடும். படித்து, வேலையை முடித்து, பிறகு நீக்கு என்று தனியே சொல்வதற்கு இந்த வலை வழியில் இடமில்லை. இது பழுது பார்ப்பதற்கான வழி, நம்பகமாகச் செய்தி பெறுவதற்கானதன்று என்று ரேபிட்எம்க்யூவின் ஆவணமே வெளிப்படையாக அறிவிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் இதன்மேல் ஒரு முழுத் திட்டத்தைக் கட்டிவிடுவது பெருந்தவறு.

அமேசான் எஸ்.க்யூ.எஸ். தொடக்கத்திலிருந்தே வலைக் கோரிக்கைகளுக்கென்று வடிவமைக்கப்பட்டது என்பதால், இந்த மூன்று செயல்களையும் அது தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு செய்தியைக் கேட்டுப் பெற்றால், அது நீக்கப்படுவதில்லை. மற்றவர் கண்ணில் படாமல் ஒரு குறித்த காலம் மறைக்கப்படுகிறது. இந்தக் காலம் இயல்பாக 30 விநாடி. தேவைப்பட்டால் 12 மணி நேரம் வரை நீட்டலாம். செய்தியோடு ஒரு பற்றுச்சாவியும் வரும். வேலை முடிந்ததும் அந்தச் சாவியைக் காட்டி நீக்கும்படி தனிக் கோரிக்கை அனுப்ப வேண்டும். இடையில் நம் கணினி அணைந்துபோனால், குறித்த காலம் முடிந்ததும் செய்தி வரிசையில் மீண்டும் தோன்றும். யாரும் எடுக்காத செய்தி இயல்பாக 4 நாள், அதிகபட்சம் 14 நாள் காக்கப்படும். நீண்ட வார இறுதியில் அலுவலகம் பூட்டியிருக்கலாம் என்பதால், தோட்டம் ஒன்றுக்கு இந்த இயல்புக் காலத்தை நீட்டி வைப்பதே பாதுகாப்பு.

பெறும் பக்கத்தில் நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஆனால் அதில் தளர்வு கூடாது. தரவுத்தள அட்டவணையில் செயலி இட்ட அடையாள எண்ணுக்கான நெடுவரிசையை, ஒரே மதிப்பு இரண்டாம் முறை ஏற்கப்படாத நெடுவரிசையாக அமைக்க வேண்டும். செய்தி வந்ததும் முதலில் அட்டவணையில் பதிய வேண்டும்; பதிவு உறுதியான பின்னரே வரிசையிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். அதே எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் தரவுத்தளம் மறுக்கும். அந்த மறுப்பைப் பிழையாகக் கருதாமல், வேலை முன்பே முடிந்துவிட்டது என்று கொண்டு, செய்தியை நீக்கிவிட வேண்டும். இவ்வாறு செய்தால் செய்தி எத்தனை முறை வந்தாலும் எடை ஒரே முறைதான் சேரும். மடுவத்திலிருந்து மறுபடி அனுப்பியதால் வந்த இரட்டிப்பும், அலுவலகத்தில் கணினி அணைந்ததால் வந்த இரட்டிப்பும் இந்த ஒரே ஏற்பாட்டில் அடங்கிவிடுகின்றன.

எத்தனை முறை முயன்றாலும் பதிய முடியாத செய்தியும் வரும். எடையின் இடத்தில் எழுத்து இருக்கலாம், இல்லாத செக்ரோல் இலக்கம் இருக்கலாம். அதை நீக்காமல் விட்டால் மீண்டும் மீண்டும் தலைக்கு வந்து, பின்னால் நிற்பவற்றைத் தாமதப்படுத்தும். சில முயற்சிகளுக்குப் பின் அதை வேறொரு வரிசைக்குத் தள்ளிவிடும் வசதி தரகர்களில் இருக்கிறது. அந்த ஒதுக்கு வரிசையைக் கணக்கப்பிள்ளையோ அலுவலக எழுதுநரோ நாள்தோறும் பார்க்க வேண்டும். பார்க்க ஆளில்லாத ஒதுக்கு வரிசை, எடையைத் தொலைத்ததற்குச் சமம்.

எவ்வளவு அடிக்கடி கேட்பது?

வலை வழியில் தரகர் தானாக நம்மைக் கூப்பிடுவதில்லை. நாம்தான் போய்க் கேட்க வேண்டும். விநாடிக்கு ஒரு முறை கேட்டால் நாளொன்றுக்கு 86,400 கோரிக்கைகள் ஆகும்; அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெறுங்கையோடு திரும்பும். டேட்டாவுக்குப் பணம் கட்டும் இடத்தில் இது வீண் செலவு. இதற்குத் தீர்வாக நீண்ட காத்திருப்பு என்ற முறை உண்டு: செய்தி இல்லாவிட்டால் உடனே இல்லை என்று சொல்லாமல், குறித்த நேரம் வரை கோரிக்கையைத் திறந்து வைத்திருக்கும்படி கேட்கலாம். எஸ்.க்யூ.எஸ். சேவையில் இது 20 விநாடி வரை இருக்கலாம். அப்போது வெறுமையான ஒரு நாளில் 4,320 கோரிக்கைகளே போதும், செய்தி வந்தால் அதுவும் தாமதமின்றிக் கிடைக்கும். ஐ.பி.எம். எம்க்யூவிலும் காத்திருக்கும் காலத்தை மில்லிவிநாடியில் குறிப்பிடலாம்.

எந்த வழியைத் தெரிவு செய்வது?

இதுவரை சொன்னவற்றை வைத்து என் கருத்தைக் கூறுகிறேன். மடுவத்திலிருந்து இடுவது வலை வழியாக இருக்கட்டும். அலுவலகத்தில் எடுப்பது, இயலுமானவரை, தரகரின் சொந்த நெறிமுறை வழியாக இருக்கட்டும். இடுவது சிறு வேலை, பலவகைக் கருவிகளிலிருந்து நடப்பது, மறுபடி அனுப்பினால் தீர்வது. எடுப்பதற்கோ, வேலை முடிந்தது, நீக்கலாம் என்று கூறும் ஏற்பு அறிவிப்பைத் தனியே அனுப்பும் வசதி வேண்டும், அது ஏ.எம்.க்யூ.பி. இணைப்பில் இயல்பாகவே இருக்கிறது. அங்கே ஏற்பு அறிவிப்பு வருமுன் இணைப்பு அறுந்தால் தரகர் செய்தியை மீண்டும் வரிசையில் வைத்துவிடும். செய்தி வந்ததும் தானாகவே நமக்குத் தள்ளியும் விடும். அலுவலகத்திலிருந்து அந்த போர்ட் திறக்க முடியாத நிலை இருந்தால் மட்டும், படித்தலையும் நீக்கலையும் பிரித்துத் தரும் வலை வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இடும் பக்கத்திலும் ரேபிட்எம்க்யூவின் மேலாண்மை வழியை மடுவத்துக் கைபேசிகளுக்கு நேரே திறந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அதைப் பயன்படுத்த ஒவ்வொரு கைபேசிக்கும் மேலாண்மை அனுமதி தர வேண்டியிருக்கும். அந்த அனுமதி உள்ளவர் வரிசைகளையும் பார்வையிடலாம். மாறாக, தரகருக்கு முன்னால் ஃப்ளாஸ்க் போன்ற கட்டமைப்பில் ஒரு சிறிய வலைச் சேவையைப் பைதனில் எழுதலாம். அது கைபேசியிடமிருந்து போஸ்ட் கோரிக்கையைப் பெற்று, தரவைச் சரிபார்த்து, உள்ளே ஏ.எம்.க்யூ.பி. வழியாகத் தரகரிடம் ஒப்படைத்து, தரகரின் உறுதிப்பாடு வந்த பிறகே கைபேசிக்கு 201 என்று சொல்ல வேண்டும். தரகர் இயங்காத நேரத்தில் 503 என்று சொன்னால், செயலி பதிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பின்னர் முயலும். இவ்வளவு வேலையும் அதிக நீளமில்லாத ஒரு நிரலுக்குள் அடங்கும்.

பாதுகாப்பைப் பற்றியும் கூற வேண்டும். ரேபிட்எம்க்யூவோடு வரும் கெஸ்ட் என்ற பயனர் கணக்கு அதே கணினியிலிருந்து மட்டுமே இயங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தித் தப்பிக்க முயலாமல், இடுகிறவருக்கு எழுதும் உரிமை மட்டும், எடுக்கிறவருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொண்ட தனிக் கணக்குகளை உருவாக்க வேண்டும். இணைப்பு டி.எல்.எஸ். மறையாக்கத்தோடு செல்ல வேண்டும். ஒருவருடைய செக்ரோல் இலக்கமும் அவர் பறித்த எடையும் சேர்ந்தால் அது அவருடைய வருமானத்தைக் காட்டும் தனிப்பட்ட தரவாகிறது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், ஒரு தொழிலாளியின் வருமானம் ஊரெல்லாம் படிக்கக் கிடப்பது நியாயமாகாது.

பயின்று பார்ப்பதற்கு ஒரு மடிக்கணினி போதும். மேலாண்மைப் பக்கத்தோடு கூடிய ரேபிட்எம்க்யூவை, மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் இயக்கும் டாக்கர் வழியாக நிறுவி, உலாவியில் 15672 ஆம் போர்ட்டைத் திறந்து, நிலைத்த வரிசை ஒன்றை உருவாக்குங்கள். அதில் நிலைத்த வகைச் செய்தி ஒன்றையும் நிலைக்காத வகைச் செய்தி ஒன்றையும் இட்டு, தரகரை நிறுத்தி மறுபடி தொடங்கினால், எது எஞ்சுகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். பிறகு வழிச்சாவியை வேண்டுமென்றே பிழையாக எழுதி, 200 வந்தும் செய்தி வந்து சேராததைப் பாருங்கள். கடைசியாக, செய்தியைப் பெற்று அட்டவணையில் பதிந்து ஏற்பு அறிவிக்கும் சிறு நிரல் ஒன்றைப் பைதனில் எழுதி, பதிவதற்கும் ஏற்பு அறிவிப்பதற்கும் நடுவே ஒரு நிமிடம் தூங்கும்படி செய்து, அந்த நிமிடத்துக்குள் நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். மறுபடி தொடங்கும்போது அதே செய்தி திரும்பி வரும். அடையாள எண்ணுக்கான கட்டுப்பாடு அட்டவணையில் இருந்தால் ஒரே வரி இருக்கும், இல்லாவிட்டால் இரண்டு வரிகள் இருக்கும்.